பாகு முறுகுறதுக்குள்ள படம் வரணும்: வெப்பி, ஏவிஃப், உங்க பிளாக்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு பேசப்போறது படங்களைப் பத்தி. உங்க பிளாக்ல நீங்க ஏத்துற ஃபோட்டோ, அதோட எடை, அந்த எடையைக் குறைக்க இப்போ கையில இருக்கிற புது ஃபார்மட்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். எபிசோட் முழுக்க அதையே வச்சுப் பேசலாம். ஒருத்தங்க சமையல் பிளாக் எழுதுறாங்கன்னு வச்சுக்கோங்க. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி அதிரசம் செய்முறை போடுறாங்க. படிப்படியா பத்து ஃபோட்டோ. அதுல ஆறாவது ஃபோட்டோதான் உயிர்: பாகு பதம். தண்ணியில ஒரு சொட்டு விட்டா கையில உருட்ட வரணும், அந்தப் பதம். எழுத்துல எவ்வளவு விளக்கினாலும் அந்த ஒரு ஃபோட்டோ சொல்ற அளவுக்குச் சொல்ல முடியாது.

இப்போ அந்தப் பதிவைப் படிக்கிறவங்க பக்கம் வாங்க. அடுப்புல வெல்லப்பாகு கொதிக்குது. ஒரு கையில கரண்டி, இன்னொரு கையில ஃபோன். ராத்திரி ஒன்பது மணி. அன்னைக்கான டேட்டா தீர்ந்துபோச்சு. தீர்ந்ததும் நெட் நின்னுடாது. பல ப்ரீபெய்ட் பேக்ல வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிடும். 64 கிலோபிட்னா நொடிக்கு 8 கிலோபைட். ஃபோன் கேமராவுல எடுத்து அப்படியே ஏத்தின ஒரு ஃபோட்டோ 4 எம்பின்னா, 4000 கேபி. அதை 8-ஆல வகுத்தா 500 நொடி. ஒரு படம் வர எட்டு நிமிஷத்துக்கு மேல. ஆறாவது படம் வர்றதுக்குள்ள பாகு முறுகி, ஆறி, கல்லாகியிருக்கும்.

நல்ல நெட் இருந்தா பிரச்சினை இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. பத்து ஃபோட்டோ சேர்த்து 40 எம்பி. இந்த மாதிரி 25 பதிவு படிச்சா ஒரு ஜிபி காலி. அந்தக் காசு எழுதினவங்க பாக்கெட்ல இருந்து போகலை, படிக்கிறவங்க பாக்கெட்ல இருந்து போகுது. அதனாலதான் எழுதுறவங்களுக்கு இது கண்ணுலயே படுறதில்லை. அவங்க வீட்டு வைஃபைல, நல்ல ஃபோன்ல, ஏற்கெனவே ஒரு தடவை லோட் ஆன பக்கத்தைத்தான் பார்க்குறாங்க.

ஃபார்மட் இரண்டாவது வேலை

"வெப்பிக்கு மாறுங்க, ஏவிஃப்க்கு மாறுங்க"ன்னு நிறைய பேர் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. நானும் சொல்லப்போறேன். ஆனா முதல்ல அளவு.

ஒரு 12 மெகாபிக்சல் ஃபோட்டோ 4000-க்கு 3000 பிக்சல். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். உங்க வாசகரோட ஃபோன் திரை அகலம் எவ்வளவு? நிறைய ஃபோன்கள்ல 1080 பிக்சல். அந்தப் படத்தை 1200-க்கு 900-ஆ சின்னதாக்கினா மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல்தான். பதினொண்ணுல ஒரு பங்கு. ஃபோன்ல பார்க்குற கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஏன்னா மிச்ச பிக்சலைக் காட்டத் திரையில இடமே இல்லை.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, பலரும் கவனிக்காதது. கம்ப்ரஷன்ங்கறது படம் பயணம் பண்ற வரைக்கும்தான். ஃபோனுக்கு வந்து சேர்ந்ததும் பிரௌசர் அதை விரிச்சுத்தான் ஆகணும். விரிச்சா ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000-க்கு 3000 படம் விரிஞ்சா கிட்டத்தட்ட 48 எம்பி மெமரி. ஃபைல் ஜேபெக்கா, வெப்பியா, ஏவிஃப்பாங்கறதெல்லாம் அங்க எடுபடாது. 1200-க்கு 900-ன்னா நாலேகால் எம்பி சொச்சம். குறைஞ்ச ராம் இருக்கிற ஃபோன்ல ஸ்க்ரோல் பண்ணும்போது பக்கம் திக்கித் திணறுதுன்னா, காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி படங்கள்தான்.

அதனால வரிசை இதுதான்: முதல்ல சின்னதாக்கு, அப்புறம் சுருக்கு. ஃபார்மட் மாத்துறதால கிடைக்கிற லாபம் கால் பங்கு, சில நேரம் பாதி. அளவைச் சரி பண்றதால கிடைக்கிறது பல மடங்கு.

ஜேபெக் எதைத் தூக்கிப் போடுது?

புது ஃபார்மட் ஏன் நல்லா இருக்குன்னு புரியணும்னா பழசு என்ன பண்ணுதுன்னு தெரியணும். ஜேபெக் 1992-ல வந்த தரநிலை. முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னைக்கும் எல்லா இடத்துலயும் ஓடுது. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களா வெட்டிக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 அடிப்படை வடிவங்களோட கலவையா எழுதும். அதுல சில வடிவங்கள் மெதுவா மாறுற நிறம், வானம் மாதிரி. சிலது ரொம்ப நுணுக்கமான கோடு, முடி மாதிரி. நம்ம கண்ணு நுணுக்கத்துல நடக்கிற சின்னச் சின்ன மாற்றத்தை அவ்வளவா கவனிக்காது. அதனால அந்தப் பகுதியைத் தோராயமா எழுதிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். நிறத்தையும் அதே மாதிரி: கண்ணு வெளிச்சத்தைப் பார்க்குற அளவுக்கு நிறத்தைக் கூர்மையா பார்க்காது, அதனால நிறத்தைக் குறைவான பிக்சல்ல வச்சுக்கலாம்.

இதுக்கு அடியில இருக்கிற கணக்கு டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். அதைக் கொண்டுவந்தவர் நசீர் அகமது, பெங்களூருல பிறந்தவர், அமெரிக்காவுல கன்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில பேராசிரியரா இருந்தார். 1972-ல இந்த யோசனைக்கு அமெரிக்காவோட தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட நிதி கேட்டார், கொடுக்கலை. விடாம வேலை பண்ணி, மாணவர் டி. நடராஜன், பேராசிரியர் கே. ஆர். ராவ் ரெண்டு பேரோட சேர்ந்து 1974-ல கட்டுரையா வெளியிட்டார். இன்னைக்கு நீங்க பார்க்குற ஒவ்வொரு ஜேபெக்லயும் அந்தக் கணக்கு ஓடுது.

ஜேபெக்கோட பலவீனம் அந்த 8-க்கு 8 கட்டம். அழுத்திச் சுருக்கினா கட்டம் கட்டமா தெரிய ஆரம்பிச்சிடும். எழுத்து, கோடு மாதிரி கூர்மையான விளிம்பைச் சுத்தி கொசு மொய்ச்ச மாதிரி ஒரு அழுக்கு வரும்.

வெப்பியும் ஏவிஃப்பும் வீடியோ வீட்டுப் பிள்ளைங்க

வெப்பியை கூகுள் 2010-ல அறிவிச்சது. அதோட அடித்தளம் விபி8ங்கற வீடியோ கோடெக். சுருக்கமா சொன்னா, வெப்பி படம்ங்கறது அந்த வீடியோவோட ஒத்தை ஃப்ரேம். வீடியோ உலகத்துல ஒரு வித்தை உண்டு: ஒரு கட்டத்தை எழுதுறதுக்கு முன்னாடி, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து "இது இப்படித்தான் இருக்கும்"னு ஊகிக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினா போதும். ஜேபெக்ல இந்த ஊகம் கிட்டத்தட்ட இல்லை. வெப்பிக்கு லாபம் வர்றது இங்கதான்.

எவ்வளவு லாபம்? கூகுள் வெளியிட்ட ஒப்பீட்டுல, சமமான தரத்துல ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சின்னது. செஞ்சவங்களே சொல்ற கணக்குங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. மாஸ்ஜேபெக் மாதிரி நல்ல என்கோடரை வச்சு ஜேபெக்கைச் சுருக்கினா இடைவெளி குறையும்.

ஏவிஃப் அடுத்த தலைமுறை. கூகுள், நெட்ஃபிளிக்ஸ், மோசில்லா எல்லாம் சேர்ந்த அலையன்ஸ் ஃபார் ஓப்பன் மீடியா 2018-ல ஏவி1ங்கற வீடியோ கோடெக்கை வெளியிட்டது. அதோட படப் பதிப்பு 2019-ல வந்தது. இது கட்டத்தோட அளவைப் படத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கும். வெறும் சுவர்னா பெரிய கட்டம், அதிரசத்து மேல இருக்கிற எள்ளுன்னா சின்னக் கட்டம். ஊகிக்கிற வழிகளும் அதிகம். அதனால குறைஞ்ச சைஸ்ல வெப்பியைவிட நல்லா நிக்கும், முக்கியமா வானம், நிழல், மங்கலான பின்னணி இருக்கிற படங்கள்ல.

சும்மா வருமா? விலை உண்டு. ஏவிஃப் உருவாக்க நேரம் அதிகம் எடுக்கும். ஒரு படத்துக்குப் பரவாயில்லை, ஆயிரம் படம் மாத்தணும்னா ராத்திரி கம்ப்யூட்டரை ஓட விட்டுத் தூங்கப் போங்க. இன்னொண்ணு, ப்ரோக்ரஸிவ் ஜேபெக்னு ஒண்ணு இருக்கு. அது முதல்ல மங்கலா முழுப் படத்தையும் காட்டிட்டு, அப்புறம் தெளிவாகும். ஏவிஃப் பொதுவா முழுசா வந்த பிறகுதான் முகத்தைக் காட்டும். மெதுவான நெட்ல இது உண்மையான வித்தியாசம். ஆனா ஃபைலே 80 கேபிதான்னா, 64 கேபிபிஎஸ்லயும் பத்து நொடி. அந்தப் பத்து நொடி பாகு காத்திருக்கும்.

ஜேபெக் எக்ஸ்எல் பத்தியும் கேட்பீங்க. அருமையான ஃபார்மட். பழைய ஜேபெக்கை ஒரு பிட்கூட இழக்காம ஏறத்தாழ 20 சதவீதம் சின்னதாக்கும், வேணும்னா அதே ஜேபெக்கைத் திரும்ப எடுத்துக்கலாம். ஆனா 2022-ல குரோம் தன் சோதனை ஆதரவை நீக்குறதா அறிவிச்சது. சஃபாரி 2023-ல சேர்த்துக்கிட்டது. எல்லா பிரௌசரும் ஒத்துக்கிற வரைக்கும் பொது வாசகருக்கான ஒரே ஃபைலா அதை வைக்க முடியாது.

எந்தப் படத்துக்கு எது?

ஃபோட்டோவா? ஏவிஃப் அல்லது வெப்பி. ரெண்டுல ஒண்ணுதான் பண்ண முடியும்னா வெப்பி போதும்.

ஸ்க்ரீன்ஷாட், எழுத்து இருக்கிற படம்னா, இழப்பே இல்லாத வெப்பி. பிஎன்ஜியைவிட சின்னதா வரும், எழுத்து கூர்மையா இருக்கும். தமிழ் எழுத்துக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு புள்ளி மங்கினா "க்" "க" ஆயிடும். ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இது படமாத்தான் இருக்கணுமா? தேவையான பொருட்கள் பட்டியலை டிசைன் பண்ணிப் படமா போடுறாங்க. அதைத் தேட முடியாது, காப்பி பண்ண முடியாது, பார்வை இல்லாதவங்களோட ஸ்க்ரீன் ரீடர் படிக்காது. எழுத்தா போட்டா அது ஒரு கேபிகூட வராது. எந்த ஃபார்மட்டாலயும் அதை ஜெயிக்க முடியாது.

லோகோ, ஐகான்னா எஸ்விஜி. ஆடுற ஜிஃப்னா, தயவுசெஞ்சு சின்ன வீடியோவா மாத்துங்க. ஜிஃப் 1987-ல வந்தது. 256 நிறத்துக்கு மேல தெரியாத அதுல வீடியோ ஓட்டுறது மாட்டு வண்டியில ஃப்ரிட்ஜ் ஏத்துற மாதிரி.

ஐஃபோன்காரங்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல வந்த ஐஓஎஸ் 11-ல இருந்து உங்க கேமரா ஹெய்க் ஃபார்மட்ல சேமிக்கும். சஃபாரி தவிர மத்த பிரௌசர்கள் பெரும்பாலும் அதைத் திறக்காது. அப்படியே ஏத்தாதீங்க, மாத்திட்டு ஏத்துங்க.

அப்புறம் க்வாலிட்டி எண். வெப்பியில 75-ம் ஏவிஃப்ல 75-ம் ஒண்ணு கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் அளவுகோல் வேற. எண்ணை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. ஸ்க்வூஷ்னு ஒரு இலவச வெப் ஆப் இருக்கு, கூகுள் குரோம் குழு செஞ்சது. படத்தை அதுல போட்டா நடுவுல ஒரு கோடு வரும், இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. எண்ணைக் குறைச்சுக்கிட்டே வாங்க. வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி ஒரு படி மேல ஏறுங்க. உங்க படம் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளிய போகாது, பிரௌசருக்குள்ளயே வேலை முடிஞ்சிடும்.

பழைய ஃபோன் வச்சிருக்கவங்க என்ன பண்ணுவாங்க?

இந்தக் கவலை நியாயமானது. வெப்பி 2020-ல சஃபாரி 14-ல வந்துச்சு, அதோட முக்கியமான பிரௌசர் எல்லாத்துலயும் வந்துடுச்சு. ஏவிஃப் குரோம்ல 2020, ஃபயர்ஃபாக்ஸ்ல 2021, சஃபாரியில 2022, எட்ஜ்ல 2024. அதுக்கு முந்தின ஐபேட் ஒண்ணை இன்னும் யாராவது தாத்தா வச்சிருப்பார். அவருக்கு வெறும் காலிக் கட்டம் காட்டலாமா? வேண்டாம்.

எச்டிஎம்எல்ல பிக்சர்னு ஒரு டேக் இருக்கு. அதுக்குள்ள வரிசையா சொல்லலாம்: முதல்ல ஏவிஃப், அது புரியலைன்னா வெப்பி, அதுவும் இல்லைன்னா ஜேபெக். பிரௌசர் மேல இருந்து படிச்சுக்கிட்டு வந்து, தனக்குப் புரியற முதல் ஒண்ணை மட்டும் டவுன்லோட் பண்ணும். மூணும் இறங்காது. கூடவே சோர்ஸ்செட் வச்சு 480, 800, 1200-ன்னு மூணு அகலம் கொடுத்துட்டா, சின்ன ஃபோன் சின்னதை எடுத்துக்கும்.

ஒரு விதிவிலக்கு: பதிவை ஷேர் பண்ணும்போது லிங்க் கூட வர்ற முன்னோட்டப் படம். அதுக்கு ஜேபெக்கே பாதுகாப்பு. அந்தப் படத்தை எடுக்கிற ஆப்கள் எல்லாத்துக்கும் புது ஃபார்மட் புரியும்னு சொல்ல முடியாது.

வேர்ட்பிரஸ்ல இருக்கவங்களுக்குப் பாதி வேலை குறைவு. 2015-ல இருந்தே அது சோர்ஸ்செட்டைத் தானா போடுது. 2560 பிக்சலுக்கு மேல போற படத்தை 2019-ல வந்த 5.3-ல இருந்து தானா சின்னதாக்குது. 2021-ல வந்த 5.8-ல வெப்பி ஏத்தலாம், 2024-ல வந்த 6.5-ல ஏவிஃப் ஏத்தலாம், உங்க சர்வரும் ஒத்துழைச்சா. ஆனா நீங்க ஜேபெக் ஏத்தினா அதுவா வெப்பியா மாத்திடும்னு நினைக்காதீங்க. 2022-ல அப்படிப் பண்ற திட்டம் இருந்துச்சு, எதிர்ப்பு வந்து கைவிட்டாங்க. அதுக்கு ப்ளகின் வேணும், இல்லைன்னா நீங்களே மாத்தி ஏத்தணும்.

யார் முதல்ல வரணும்?

படங்களோட எடை குறைஞ்சாச்சு. இப்போ வரிசை. பத்து படமும் ஒரே நேரத்துல கதவைத் தட்டினா எல்லாருக்கும் தாமதம்தான். கீழ இருக்கிற படங்களுக்கு "லோடிங் லேஸி"னு ஒரு ஆட்ரிபியூட் போட்டா, வாசகர் பக்கத்துல வரும்போதுதான் இறங்கும். பாதியில மூடிட்டுப் போறவங்களோட டேட்டா வீணாகாது.

ஆனா மேல இருக்கிற முதல் படத்துக்கு லேஸி போடாதீங்க. அதுதான் பக்கத்தைத் திறந்ததும் கண்ணுல படுறது. அதைத் தாமதப்படுத்தினா பக்கமே மெதுவான மாதிரி இருக்கும். கூகுள் இதை எல்சிபின்னு அளக்குது: திரையில இருக்கிற பெரிய பொருள் எப்போ வந்து சேர்ந்துச்சு? 2.5 நொடிக்குள்ளன்னா நல்லது. பிளாக்ல அந்தப் பெரிய பொருள் பெரும்பாலும் முதல் படம்தான். அதுக்கு "ஃபெட்ச் பிரையாரிட்டி ஹை" போட்டா பிரௌசர் அதை முன்னாடி இழுக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் ரெண்டையும் எழுதிடுங்க. இல்லைன்னா படம் வந்து உட்காரும்போது எழுத்து கீழ தள்ளிப்போகும். "ஒரு கப் வெல்லம்"னு படிச்சுக்கிட்டிருந்தவங்க கண்ணு முன்னாடி வரி காணாமப் போயிடும். கூடவே ஆல்ட் டெக்ஸ்ட்ல "படம் 6"னு எழுதாம, "தண்ணியில விட்ட பாகு மெத்துன்னு உருண்டையா உருளுது"ன்னு எழுதுங்க. படமே வராம போனாலும் பதம் வந்து சேர்ந்திடும்.

ஒரிஜினலைத் தொடாதீங்க

கடைசியா, மறக்கக்கூடாத ஒண்ணு. சுருக்கினதைத் திரும்பச் சுருக்காதீங்க. ஜேபெக்கை வெப்பியாக்கி, அந்த வெப்பியை ஏவிஃப்பாக்கினா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. கேமராவுல இருந்து வந்த ஃபைலைத் தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்ல வச்சிடுங்க. புதுசா எது செஞ்சாலும் அதுல இருந்தே செய்யுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு ஃபார்மட் வரும், அப்போவும் அதுல இருந்தே மாத்திக்கலாம். வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா வந்தது ஒரிஜினல் இல்லை, வழியிலயே சுருங்கியிருக்கும். டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க.

சரி, ஹோம்வொர்க். உங்க பிளாக்ல அதிகமா படிக்கப்படுற ஒரே ஒரு பதிவை எடுங்க, ஒண்ணு போதும். ஃபோன்ல வைஃபையை அணைச்சிட்டு, இன்காக்னிட்டோவுல திறந்து பாருங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல குரோமோட டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் பகுதிக்குப் போய், படங்களை சைஸ் வாரியா வரிசைப்படுத்துங்க. மேல நிக்கிற மூணு படத்தை 1200 அகலத்துக்குக் குறைச்சு, வெப்பியாக்கி, மாத்திப் போடுங்க. திரும்ப அளந்து பாருங்க. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஃபான்ட் பத்திப் பேசலாம். தமிழ் ஃபான்டோட எடை தனிக் கதை. அதுவரைக்கும், டாட்டா.